சன்னலோர நாற்காலியில் துண்டு

துண்டு நாற்காலியில் கிடக்கிறது. இன்றைக்கா, இன்றைக்குத்தானா என்று கேட்டுக்கொண்டே பால் பாத்திரத்தை அடுப்பில் வைத்தேன், வைத்துவிட்டு மறுபடியும் எட்டிப் பார்த்தேன், இரண்டாம் முறை பார்த்தால் அது அங்கே இருக்காது என்பதுபோல. இருக்கிறது. கூடத்தில் சன்னலோரம் நீல பிளாஸ்டிக் நாற்காலி, அதில் சிவப்புக் கட்டம் போட்ட ஈரிழைத் துண்டு, மூன்றாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர. மிருது இப்படி மடிக்க மாட்டாளே. அவள் போட்டால் விழுந்தது விழுந்தபடி கிடக்கும், பாதி தரையில் புரளும். பத்து வயதுப் பெண் துண்டை ஓரம் சேர்த்து மடித்து வைக்கிறாள் என்றால் உள்ளே எவ்வளவு கனக்க வேண்டும், எப்போது எழுந்து வந்து வைத்தாளோ, விடிகிற நேரத்தில்தான் எனக்குக் கண் அசந்தது, அவர் ஐந்தரை மணி கம்பெனி பஸ்ஸுக்குக் கிளம்பியதுகூடத் தெரியவில்லை, கதவுச் சத்தம் கேட்டதா கேட்கவில்லையா. மணி ஆறு ஐம்பது. பதினோரு மணிக்குள் மிருதுவைக் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். ஐந்தாம் வகுப்பில் ஓர் இடம் காலியாகியிருக்கிறது, பதினோரு மணிக்குப் பிறகு அது அடுத்த பிள்ளைக்குப் போய்விடும். துண்டு போட்ட அன்றைக்குப் போட்டவர் எங்கும் போகக் கூடாது. அந்த விதியைச் சாக்பீஸில் சமையலறைக் கதவுக்குப் பின்னால் எழுதியவள் மிருது, கீழே கையெழுத்துப் போட்டவள் நான். பால் பொங்கி அடுப்பில் வழிந்துவிட்டது.

துடைக்கத் துடைக்க அந்த பஸ்தான் ஞாபகம் வருகிறது. கிருஷ்ணகிரி பஸ் நிலையம், பொங்கலுக்கு முந்தின நாள், தர்மபுரி பஸ்ஸுக்கு முன்னூறு பேர். பஸ் நிற்பதற்குள் அவர் ஓடிப்போய்த் தோளில் கிடந்த இதே துண்டைச் சன்னல் வழியாக உள்ளே எறிந்தார். நாங்கள் முட்டி மோதி ஏறுவதற்குள் ஒரு பெரியவர் அந்த இருக்கைக்கு வந்தார், துண்டைப் பார்த்தார், ஒரு வார்த்தை பேசாமல் பின்னால் போனார். மிருதுவுக்கு அது பெரிய அதிசயமாக இருந்தது. "அவர் ஏன்பா உக்காரல?" "துண்டு கெடக்குல்ல." "கெடந்தா?" "அது நம்ம எடம்னு அர்த்தம். யாரும் ஏன்னு கேக்க மாட்டாங்க." பள்ளியிலிருந்து அவளை நிறுத்தி வீட்டிலேயே பாடம் சொல்லிக் கொடுக்கத் தொடங்கி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. அடுத்த வாரம் ஒரு காலையில் பார்த்தால் துண்டு இந்த நாற்காலியில் கிடக்கிறது, பக்கத்தில் தரையில் அவள் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். "இன்னிக்கு என்னோட நாள். துண்டு போட்டுட்டேன். யாரும் ஏன்னு கேக்கக் கூடாது." அப்படித்தான் ஆரம்பித்தது. அன்றைக்குப் பாடம் கிடையாது, ஆனால் போட்டவர் குளிக்க வேண்டும், சாப்பிட வேண்டும், இல்லாவிட்டால் நோய் என்று கணக்காகிவிடும். வீட்டில் இருக்கும் மற்றவர் போட்டவருக்கு எதையாவது வாய்விட்டுப் படித்துக் காட்ட வேண்டும். துண்டைப் போட்டவர்தான் எடுக்க வேண்டும். பெரிய முடிவு எதையும் அன்றைக்கு எடுக்கக் கூடாது என்பது மட்டும் நான் சேர்த்தது, ஒருநாள் ஏழாம் வாய்ப்பாட்டில் தொடங்கிய சண்டையில் உன்னைத் திரும்பப் பள்ளியில் கொண்டுபோய்த் தள்ளிவிடுகிறேன் என்று நான் கத்தினேனே, அதற்கு மறுநாள். அவர் சட்டையைப் போட்டுக்கொண்டே அந்த விதிகளைப் படித்துவிட்டுச் சிரித்தார். "எனக்கும் உண்டா இதெல்லாம்?" மிருது யோசித்துச் சொன்னாள், "உனக்கும் உண்டு. ஆனா உனக்குத்தான் அந்த மாதிரி நாளே வராதேப்பா." வரவும் இல்லை. இரண்டு வருஷத்தில் மிருதுவுக்குப் பதினேழு துண்டு நாள், எனக்கு ஒன்பது. அவருக்கு ஒன்றுகூட இல்லை. காலண்டரில் அவள் சின்னச் சின்னக் கட்டமாக வரைந்து வைத்திருக்கிறாள்.

ஆகையால் கேட்கக் கூடாது. ஏன் என்று கேட்கக் கூடாது, எனக்கே தெரியும் ஏன் என்று, பள்ளிக்கூடம்தான், வேறென்ன. போன வாரம் அவர் சொன்னபோது அவள் தட்டிலிருந்த கறிவேப்பிலையை வரிசையாக அடுக்கினாள். "ஒரு சீட்டு காலியாயிருக்காம், நம்ம கம்பெனி லைன்ல வேலை செய்யறவரோட மச்சான் அங்க ஆபீஸ்ல இருக்கார்" என்றார் அவர் என்னைப் பார்த்து. நல்ல பள்ளிக்கூடம்தான், மரங்கள் இருக்கின்றன, பழையது மாதிரி இல்லை. எனக்கும் பாதி மனசு அவர் பக்கம் இருந்தது. இரண்டு வருஷமாக அவர் ஒருமுறைகூட இது வேண்டாம் என்று சொன்னதில்லை, வேண்டும் என்றும் சொன்னதில்லை, மாலையில் வந்து அவளுடைய பின்னக் கணக்குக்கு ஆரஞ்சுப் பழத்தை உரித்துச் சுளையை எண்ணிக் கொடுப்பார், அவ்வளவுதான். இப்போது அவராகக் கேட்கிறார் என்றால் உள்ளே எவ்வளவு நாளாக ஓடிக்கொண்டிருந்ததோ. நேற்று சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "நாளைக்குப் பதினோரு மணி" என்றார். "ஞாபகம் இருக்குங்க" என்றேன். குழாயை மூடிவிட்டும் அங்கேயே நின்றார். நான் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு திரும்பிவிட்டேன். ஏன் நின்றார்.

மிருது எழுந்து வந்துவிட்டாள். நாற்காலியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒரு நொடி, பிறகு பல் தேய்க்கப் போய்விட்டாள்.  நான் இட்லிப் பானையை இறக்கினேன். பாவம், முகத்தை எவ்வளவு ஒழுங்காக வைத்துக்கொள்கிறாள். இட்லியை ஆற வைத்து, நெய் விட்டு, அவளுக்குப் பிடித்தபடி நான்காக வெட்டி வைத்தேன், அவள் என் தட்டை எடுத்துவந்து எதிரில் வைத்தாள், நீயும் சாப்பிடும்மா என்றாள். தண்ணீர் கொண்டுவந்தாள், அந்த டம்ளரில். அந்த டம்ளரை அவள் தொடுவதே இல்லை, அது அம்மாவின் டம்ளர், அடியில் என் பெயரும் ஏழாம் வகுப்பு, முழு வருகை என்றும் பொறித்திருக்கும். ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காததற்குக் கொடுத்தது. அந்த வருஷம் எனக்குப் பொன்னுக்கு வீங்கி வந்தது, இரண்டு கன்னமும் பன்னு மாதிரி, காதைச் சுற்றித் துணி கட்டிக்கொண்டு போனேன், டம்ளருக்காக இல்லை, போகாமல் இருக்கலாம் என்பதே தெரியாததால். டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார். இரண்டு வாரத்தில் கடைசி பெஞ்சு வீங்கியது, பிறகு அதற்கு முன் பெஞ்சு, மாதக் கடைசியில் வகுப்பில் பாதிப் பேர் இல்லை. ஆண்டு விழாவில் எனக்கு மட்டும் டம்ளர். கை தட்டியவர்களில் பலர் என்னால் படுத்து எழுந்தவர்கள். இதை மிருதுவிடம் சொன்னபோது தரையில் புரண்டு சிரித்தாள், சிரித்து முடித்து, "வலிச்சுதாம்மா?" என்றாள். அதுவரை யாரும் கேட்டதில்லை. வலித்தது. எச்சில் விழுங்கவே வலித்தது. அந்த மாதம் நடத்திய பாடத்தில் ஒரு வரிகூட என் தலையில் இல்லை, துணியின் முடிச்சு காதுக்குப் பின்னால் அழுத்தியது மட்டும் அப்படியே இருக்கிறது. இன்றைக்கு அந்த டம்ளரில் எனக்குத் தண்ணீர் வருகிறது, துண்டு போட்ட குழந்தையின் கையால். அவளுக்கு நான் செய்ய வேண்டியதை எனக்கு அவள் செய்கிறாள். என்னைச் சமாதானப்படுத்துகிறாளோ, என்னைப் போக விடு என்கிறாளோ, போகாமல் விடு என்கிறாளோ.

குளித்துவிட்டு வந்தாள். நானும் குளித்தேன், நீ குளிச்சியா என்று இரண்டு முறை கேட்டாளே. தலையைத் துவட்டும்போது அவள் தோள் எலும்பு கையில் தட்டுகிறது, மூன்றாம் வகுப்பில் இந்தத் தோள் வேன் ஹாரன் கேட்டால் காதுவரை ஏறும். வயிற்று வலி என்பாள். டாக்டர் வயிற்றில் ஒன்றுமில்லை என்றார். ஒன்றுமில்லாத வயிற்றை ஏழு நாற்பதுக்கு வேனில் ஏற்றினேன், எத்தனை காலை, ஒரு கையில் சாப்பாட்டுப் பை, ஒரு கையில் அவள், எனக்கே தலை சுற்றும் நாட்களிலும் ஏற்றினேன், அழும் குழந்தையை அழும் அம்மா தள்ளி ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்து ஒரு மணி நேரம் சுவரைப் பார்ப்பேன். ஒருநாள் டைரியில் சிவப்பு மையில் வந்தது, வகுப்பில் காரணம் இல்லாமல் அழுகிறாள் என்று. அந்த மிஸ் மேல் எனக்குக் கோபம் இல்லை, நாற்பத்தெட்டுப் பேர், அவருக்கும் அன்றைக்கு எப்படிப்பட்ட நாளோ, அவர் எங்கே துண்டு போடுவார். ஆனால் மிருது அந்த வரியைப் படித்துவிட்டாள். காரணம்னா என்னம்மா, அது இருந்தா அழலாமா, என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன், நேற்று வேனில் பக்கத்தில் உட்காரும் பெண் ஊர் மாறிப் போனாள், அது காரணம். இன்றைக்கு எதுவும் நடக்கவில்லை, ஆனால் நேற்றையது இன்னும் இருக்கிறது, அதுவும் காரணமா, அப்படியென்றால் எத்தனை நாள்வரை அது காரணம், மூன்று நாளா என்று திரும்பக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. பதில் தெரியாத இடத்தில்தான் அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தினேன் என்று நினைக்கிறேன், துணிச்சலால் இல்லை.

"படிக்கட்டுமாம்மா?" கையில் காக்கா நோட்டு. வெளியே தைல மரத்தில் காக்கா கட்டிய கூட்டைப் பற்றி மார்ச்சிலிருந்து எழுதுகிறாள். படி என்றேன். துண்டு போட்டவளுக்கு நான்தானே படிக்க வேண்டும், அவளே படிக்கிறாளே, சரி, வாய்விட்டுப் படித்தால் அவளுக்கே ஆறுதலாக இருக்கும்போல. அவள் நாற்காலியில் உட்காரவில்லை, தரையில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள், முழங்கால் என் முழங்காலில் படும்படி. "ஏப்ரல் ஒன்பது. கூட்டில் இன்று மூன்று வகைக் கம்பி இருக்கிறது. ஒன்று கட்டுக் கம்பி. ஒன்று துணி மாட்டும் கம்பி. ஒன்று தெரியவில்லை." நிறுத்தினாள். எதற்கு நிறுத்துகிறாள் என்று பார்த்தால், நான் ம் கொட்டவில்லை. எங்கள் வீட்டில் படிப்பவர் நிறுத்தும் இடத்தில் கேட்பவர் ம் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த வரி வராது. ம் என்றேன். "ஏப்ரல் பன்னிரண்டு. காக்கா குடைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தது. அம்மா காக்காவா அப்பா காக்காவா என்று தெரியவில்லை. இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன." ம். எவ்வளவு கச்சிதமாக எழுதுகிறாள், தெரியாததைத் தெரியவில்லை என்று எழுதுகிறாள், இதை எந்தப் பாடத்தில் நான் சொல்லிக் கொடுத்தேன். சொல்லிக் கொடுக்கவில்லை. இந்த மார்ச்சில் எனக்கு ஒற்றைத் தலைவலி, துண்டு போட்டுவிட்டுத் திரையை இழுத்துப் படுத்திருந்த நாளில் அவள் சத்தம் போடாமல் இருக்க வேண்டியிருந்தது, சத்தம் போடாமல் சன்னலில் நின்றபோதுதான் முதல் கம்பியைப் பார்த்தாள். அன்றைக்கு அவலைக் கழுவித் தயிரில் ஊறவைத்து எனக்குக் கொண்டுவந்தாள், ஒரு பங்கு அவலுக்கு ஒன்றரைப் பங்கு தயிர் சரியாக இருக்கிறது என்று ஒரு சீட்டில் எழுதியும் வைத்தாள். மூன்று வாரம் நான் தொண்டை கிழியச் சொல்லிப் புரியாத ஒன்றரை. பாடம் எங்கேயும் ஓடிவிடவில்லை. நாங்கள் படுத்திருந்தபோது அதுவும் ஓரமாக உட்கார்ந்து காத்திருந்தது, எழுந்ததும் தானாக வந்தது. இதற்கு நான் யாருக்கு நன்றி சொல்வது, ஒற்றைத் தலைவலிக்கா.

போன் அடித்தபோது ஒன்பதரை. சேலத்திலிருந்து கோகிலா அண்ணி, அவருடைய அக்கா.

"கெளம்பிட்டீங்களா?"

"இன்னும் நேரம் இருக்குங்கண்ணி."

"ரெட்டைச் சடை போட்டுக் கூட்டிட்டுப் போ. பிச்சக்காரி மாதிரி முடிய விரிச்சு விட்டு நிக்க வெச்சுடாத. புள்ளய வீட்டுக்குள்ளயே ஊறுகாய் மாதிரி ஊற வெச்சதெல்லாம் போதும்."

"ஊறுகாய் சீக்கிரம் கெட்டுப் போகாதுங்கண்ணி."

"வாய் மட்டும் நல்லாப் பேசு. நாளைக்கு ஒரு ஆபீஸ்ல போயி இன்னிக்கு எனக்கு மனசு சரியில்ல, துண்டு போட்டுட்டேன்னு சொன்னா, சரிம்மா கண்ணு, படுத்துக்கோன்னு சொல்லுவானா? ஒலகம் அப்படியா இருக்கு?" உடனே அவர் குரல் இறங்கியது. "லோகு நேத்து போன்ல சரியாவே பேசல. எல்லாத்துக்கும் உம், உம்முன்னான். ஒடம்பு கிடம்பு சரியில்லயா?"

"இந்த வாரம் முதல் ஷிப்டுங்கண்ணி. தூக்கம் பத்தல."

வைத்துவிட்டேன். உலகம் அப்படியா இருக்கு. இந்த ஒரு கேள்வி இரண்டு வருஷமாக என் சேலை முந்தானையைப் பிடித்துக்கொண்டு கூடவே நடக்கிறது. அண்ணி கேட்காத நாளில் நானே கேட்டுக்கொள்கிறேன். நான் இவளுக்குக் கொடுத்தது இளைப்பாறலா, இல்லை, பாரம் வந்ததும் இறக்கி வைத்துவிடும் பழக்கமா. வேனும் மணியும் இல்லாத வீட்டில் வளர்ந்தவள் பதினெட்டு வயதில் ஒரு காலை, எதுவும் முடியாத ஒரு காலை, எங்கோ ஹாஸ்டலில், பக்கத்தில் யாரும் இல்லாமல், என்ன செய்வாள். எனக்கு என்ன தெரியும். பொன்னுக்கு வீங்கியோடு பள்ளிக்குப் போனவள் என்ன செய்வாள் என்பது எனக்குத் தெரியும், சுவரைப் பார்ப்பாள், யாரிடமும் சொல்ல மாட்டாள், வலிக்கிறதா என்று யாராவது கேட்டால் இல்லை என்பாள், ஒரு டம்ளரைக் காட்டுவாள். துண்டு போடத் தெரிந்தவளுக்கு அன்றைக்குக் குளிக்கவும் தெரியும், சாப்பிடவும் தெரியும், மறுநாள் தன் கையாலேயே துண்டை எடுக்கவும் தெரியும், பதினேழு முறை எடுத்திருக்கிறாளே, ஒருமுறைகூட நான் எடுக்கச் சொன்னதில்லை. சரி. இதெல்லாம் சரிதான். ஆனால் மணி பத்து ஆகப்போகிறது. அவளுடைய பச்சைச் சட்டையை இஸ்திரி போட்டுவிட்டேன். பிறப்புச் சான்றிதழ், பழைய பள்ளியின் மாற்றுச் சான்றிதழ், போட்டோ நான்கு, எல்லாம் பிளாஸ்டிக் உறையில். அவருக்குப் போன் போட்டேன், எடுக்கவில்லை, எப்படி எடுப்பார், ஷிப்டில் போனெல்லாம் லாக்கரில் இருக்கும், பத்தரைக்கு டீ இடைவேளையில்தான் கைக்கு வரும். அதற்குள் ஆட்டோ பிடிக்க வேண்டும். பத்து நாற்பதைத் தாண்டினால் பிடித்துப் பயனில்லை. அவர் இரண்டு வருஷம் ஒன்றும் கேட்கவில்லை, இந்த ஒன்றுதான் கேட்டார், இவள் துண்டு போட்டாள் என்று நான் போகாமல் இருந்தால், மாலையில் அவர் வந்து நாற்காலியைப் பார்ப்பார், ஒன்றும் சொல்ல மாட்டார், அந்த ஒன்றும் சொல்லாமையை நான் எங்கே வைப்பேன். இஸ்திரிப் பெட்டியை நிறுத்தினேனா. நிறுத்தினேன். மறுபடி போய்ப் பார்த்தேன்.

பத்து இருபத்தைந்துக்கு நான் விதியை உடைத்தேன். கையெழுத்துப் போட்டவளே உடைத்தேன். "மிருது, துண்டை எடுத்துடும்மா. இன்னிக்கு மட்டும். போயிட்டு வந்து மறுபடி போட்டுக்க, நாளைக்குப் பூராவும் வேணும்னாலும் வெச்சுக்க." கையில் பச்சைச் சட்டை.

அவள் என்னையே பார்த்தாள். "நான் எப்படிம்மா எடுக்கறது? போட்டவங்கதானே எடுக்கணும்."

"அதான் சொல்றேன். நீதானே போட்ட."

"நானா?" கண் பெரிதாகியது. "நான் போடலயே. நீதானே போட்டிருக்க? அதனாலதான நான் உனக்குத் தண்ணி குடுத்தேன், படிச்சேன், எல்லாம் பண்ணேன்."

இரண்டு பேரும் ஒன்றாகத் திரும்பி நாற்காலியைப் பார்த்தோம். மூன்றாக மடித்து, ஓரத்தோடு ஓரம் சேர. பஸ்ஸிலிருந்து இறங்கும்போது அப்படித்தான் மடித்துத் தோளில் போடுவார். சட்டை, லுங்கி, செய்தித்தாள், எதையும் அப்படித்தான் மடிப்பார், பன்னிரண்டு வருஷமாகப் பார்க்கிறேன். காலையில் பார்த்தவுடனே கண்ணுக்குத் தெரிந்தது, மனசு அதைக் குழந்தையின் பாரமாக்கிக்கொண்டது, அவருக்கும் பாரம் இருக்கும் என்று அதற்குத் தோன்றவே இல்லை. உனக்குத்தான் அந்த மாதிரி நாளே வராதேப்பா. குழாயை மூடிவிட்டு நின்றாரே. போனில் உம், உம் என்றாரே. இருட்டோடு எழுந்து, எங்களை எழுப்பாமல், டிவிக்குக் கீழே இழுப்பறையைச் சத்தம் வராமல் திறந்து, துண்டை எடுத்து, மடித்து, நாற்காலியில் வைத்து, செருப்பை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்குப் போயிருக்கிறார். துண்டைப் போட்டுவிட்டு வேலைக்குப் போன ஒரே ஆள். "அப்பாவா?" என்றாள் மிருது, மிக மெதுவாக, கூட்டில் காக்கா இருக்கும்போது பேசும் குரலில்.

பத்து முப்பத்திரண்டுக்குப் போன் வந்தது. பின்னால் மிஷின் சத்தம், யாரோ தட்டு வைக்கும் சத்தம். "கெளம்பிட்டியா?" என்றார்.

"துண்டு பாத்தோம்" என்றேன்.

டீ டம்ளரைக் கீழே வைக்கும் சத்தம். "ம். எனக்கும் உண்டுன்னு மிருது சொல்லியிருக்கால்ல."

"உண்டுங்க." ஏன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. லைனில் ஏதாவதா, யாராவது ஏதாவது சொன்னார்களா, உடம்பா, இந்தப் பள்ளிக்கூடமேதானா. சமையலறைக் கதவு திறந்திருந்தது, பின்னால் சாக்பீஸ் எழுத்து எனக்குத் தெரியவில்லை, தெரிய வேண்டியதும் இல்லை. இரண்டு வருஷத்தில் முதல்முறையாக அந்த விதி யாருக்காக எழுதப்பட்டது என்று புரிகிற மாதிரி இருந்தது. கேட்கவில்லை. "ஸ்கூலு?" என்று மட்டும் கேட்டேன், அது ஏன் என்ற கேள்வி இல்லையே.

"அன்னிக்குப் பெரிய முடிவு எதுவும் எடுக்கக் கூடாதுன்னு நீதானே சேத்த." சிரிக்கிற மாதிரி ஒரு சத்தம், முழுதாகச் சிரிப்பாகவில்லை. "ராத்திரி சொல்லலாம்னுதான் நின்னேன். அந்த சீட்டு போனாப் போகட்டும் சுகந்தி. வேற வேணும்னா அப்புறம் தேடிக்கலாம், வேணாம்னா வேணாம். இன்னிக்கு எனக்கு எதையும் யோசிக்க முடியல. அவ அங்க இருந்தா போதும்னு இருக்கு."

மிருது என் கையிலிருந்து போனை வாங்கிவிட்டாள். "அப்பா, குளிச்சியா?"

"அஞ்சு மணிக்கே."

"சாப்ட்டியா?"

"கேன்டீன்ல பொங்கல். மிளகு ஜாஸ்தி."

"டீ டைம் எவ்ளோ இருக்கு?"

"பத்து நிமிஷம்."

அவள் போய் நோட்டை எடுத்துவந்தாள். போனை ஸ்பீக்கரில் போட்டு, நாற்காலியில், துண்டின் மேல், நடுவில் வைத்தாள். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்தோம். பச்சைச் சட்டை என் மடியில் இன்னும் சூடாக இருந்தது. பத்து முப்பத்தெட்டு. கீழே ஒரு ஆட்டோ வந்து நின்று யாரையோ இறக்கிவிட்டுப் போனது, ஓடிப்போய் நிறுத்தியிருக்கலாம், கால் எழவில்லை, எழாததற்கு ஒரு வருத்தமும் இல்லை. அண்ணியிடம் என்ன சொல்வது, தெரியவில்லை, மாலையில் தெரியலாம். பதினெட்டு வயதில் இவள் என்ன செய்வாள், அதுவும் தெரியவில்லை என்றே எழுதி வைக்கலாம். இவள் இந்த நேரத்தில் ஏதாவது ஒரு வகுப்பில் உட்கார்ந்திருந்தால் இந்த நாற்காலியில் ஒரு துண்டு கிடந்திருக்கும், அவ்வளவுதான், நான் அதை எடுத்து உள்ளே வைத்திருப்பேன், அவர் போன் செய்திருக்க மாட்டார், அவர் தனியாக டீ குடித்து முடித்திருப்பார். இவள் இங்கே இருக்கிறாள். நானும் இருக்கிறேன். இன்றைய காலைக்கு இதைவிட எனக்கு எதுவும் தேவைப்படவில்லை.

"ஏப்ரல் பன்னிரண்டு" என்று மிருது நாற்காலியைப் பார்த்துப் படித்தாள். "காக்கா குடைக் கம்பி ஒன்றைக் கொண்டுவந்தது. அம்மா காக்காவா அப்பா காக்காவா என்று தெரியவில்லை, இரண்டும் ஒரே மாதிரி இருக்கின்றன. கம்பி மூன்று முறை கீழே விழுந்தது." நிறுத்தினாள்.

"ம்."

"மூன்று முறையும் கீழே போய் எடுத்துவந்தது. நான்காம் முறை எடுக்கவில்லை. கிளையில் சும்மா உட்கார்ந்திருந்தது. நான் மதியம்வரை பார்த்தேன். சும்மாவே இருந்தது."

"ம்." இந்த முறை கொஞ்சம் தாமதமாக வந்தது.

அந்தப் பக்கம் சைரன் அடித்தது. நாற்காலிகள் இழுபடும் சத்தம், யாரோ லோகு வாப்பா என்று கூப்பிடும் சத்தம். மிருது நோட்டை மூடப் போனாள். "டைம் ஆயிடுச்சுப்பா. மீதிய வந்ததும் படிக்கறேன். துண்டை யாரும் எடுக்க மாட்டோம், நீ வந்து எடுத்துக்க."

"அந்த ஒரு வரியையும் முடிச்சுடு."

அவள் பக்கத்தைத் திருப்பினாள். "ஏப்ரல் பதின்மூன்று. காலையில் பார்த்தேன். கம்பி கூட்டில் இருக்கிறது."

மிஷின் சத்தம் கூடியது. நாங்கள் இருவரும் நாற்காலியைப் பார்த்துக்கொண்டு காத்திருந்தோம்.

"ம்" என்றார்.